ஒப்பிட ஓர் உடம்பு

கௌசலா வளர்த்து வந்தவை மனித உயிரணுக்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் அவற்றுக்கு ஊட்டநீர் மாற்றியாக வேண்டும். தீபாவளியை அவை அறியா. பொது விடுமுறையையும் அறியா. பசித்தால் மடிந்துவிடும், அவ்வளவே அவற்றின் வழக்கு. ஆகவே தைப்பூசத்தன்றும் அவள் விடியுமுன் எழுந்து, கே.எல். சென்ட்ரலில் கொமுட்டர் ரயிலேறி, சுங்கை பூலோவை அடுத்த ஆய்வகத்தில் தட்டுகளைக் கவனித்துவிட்டே பத்துமலைக்குப் புறப்படுவாள். உறவினர் திருமணங்களில் தாலி ஏறிய பிறகு வந்து, பந்தி முடியுமுன் மறைந்துவிடுபவள் என்று பெயர் எடுத்திருந்தாள். "பிள்ளை குட்டிக்காரியள் கூட இருந்து சாப்பிட்டுப் போகினம். இவளுக்கு மட்டும் என்ன அவசரமாம்?" என்று பெரியம்மா ஒருமுறை மண்டபம் முழுதும் கேட்கும்படி வினவினார்.

பிரிக்பீல்ட்ஸில் பிறந்தவள், நாற்பத்து மூன்று வயதிலும் அதே வட்டாரத்தில்தான் குடியிருப்பு. பாட்டனார் ரயில்வே எழுத்தராக யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். தந்தை அரசுப் பணியில் இருந்து ஓய்வுபெற்றவர். ஓய்வூதியம் உள்ள வேலையே வேலை என்று கருதும் குடும்பத்தில், ஆண்டுக்காண்டு புதுப்பிக்கப்படும் ஒப்பந்தம் ஒன்றை நம்பி ஒருத்தி கண்ணாடித் தட்டுகளுக்கு முன் அமர்ந்திருப்பது எவருக்கும் விளங்கவில்லை. வெள்ளிக்கிழமை மாலைகளில் ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோயிலில் பதிகம் பாடுவோருடன் அவளும் அமர்வாள். அங்கே தாளம் பிறழாத அவ்வலக்கை, இங்கே ஒரு துளியின் சிறு பங்கை வாங்கி, தட்டின் விளிம்போரமாக, உயிரணுக்கள் அதிராவண்ணம் இறக்கும். தன் கையைப் பற்றி அவளுக்கு ஒரு செருக்கு இருந்தது. வேறெதைப் பற்றியும் இருந்ததில்லை.

பார்க்கின்சன் நோயில், நடுமூளையின் ஒரு சிறு பகுதியில் டோபமின் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கும் உயிரணுக்கள் ஒவ்வொன்றாக அவிந்துபோகின்றன. கை நடுங்கத் தொடங்குமுன்பே அவற்றில் பெரும்பகுதி போயிருக்கும். உயிரோடிருப்பவரின் மூளையைத் திறந்து பார்க்க இயலாது. எனவே நோயாளியின் புயத்திலிருந்து துவரம்பருப்பளவு தோலை எடுத்து, அத்தோலின் உயிரணுக்களைக் கருநிலைக்குத் திருப்பி, பின்னர் அவற்றையே மூளை உயிரணுக்களாக வளர்ப்பது இக்கால ஆய்வு முறை. கிள்ளானில் ஒருவர் தேநீர் அருந்திக்கொண்டிருக்க, அவருடைய மூளையின் சாயல் சுங்கை பூலோவில் ஒரு தட்டில் கிளைவிட்டுக்கொண்டிருக்கும்.

இந்த ஆய்வை நடத்தியவர் டாக்டர் இல்யாஸ். மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் மூன்று தலைமுறையாகத் துணி விற்கும் குடும்பத்துப் பிள்ளை; கடையில் அமர மறுத்து ஆய்வுக்கு வந்தவர். அவருடைய வினா எளியது. செம்பனைத் தோட்டங்களில் களைக்கொல்லி தெளித்தவர்களுள் சிலருக்கு மட்டும் இந்நோய் ஏன் வருகிறது? பாராகுவாட் என்னும் களைக்கொல்லியின் மீது உலகெங்கும் வலுவான ஐயம் உண்டு. இந்நாட்டிலும் அது தடைசெய்யப்பட்டுவிட்டது. ஆயினும் ஒரே நிரையில் பம்பு சுமந்த இருவரில் ஒருவர் நடுங்குகிறார், மற்றவர் நலமாயிருக்கிறார். உயிரணுவுக்குள் பிறவியிலேயே ஒரு நொய்ம்மை இருந்து, நஞ்சு வந்து அதைத் தொட்டால்தான் நோய் மூளும் என்பது இல்யாஸின் கருத்து. அதை நிறுவ வேண்டுமானால் நோயாளியின் உயிரணுக்களுக்கு அருகே நலமுள்ள ஒருவருடைய உயிரணுக்களையும் வளர்த்து, இரண்டின் மீதும் ஒரே அளவு நஞ்சைச் சொட்டி, எது முதலில் அவிகிறது என்று பார்க்க வேண்டும். ஒப்பிடப்படுபவர் நோயாளியின் வயதை ஒட்டியவராக, அதே மண்ணில் அதே வேலை செய்தவராக, ஆனால் வேறு குருதியில் பிறந்தவராக இருத்தல் வேண்டும். அத்தகையவர் யார்? கணவனுக்கு மனைவி, மனைவிக்குக் கணவன். உலகின் ஆய்வகங்கள் பலவற்றில் இதுவே நடைமுறை. இங்கும் அதையே கைக்கொண்டார்கள்.

அப்படி வந்த முதல் இணையர் கிள்ளானைச் சேர்ந்த தம்புசாமியும் அவர் மனைவி தாமரையம்மாளும். காப்பார்ப் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் இருவரும் களைக்கொல்லி மருந்து அடித்தவர்கள். தோட்டம் வீடமைப்புக்குப் போன பின் கிள்ளானில் அடுக்குமாடி வீட்டுக்கு வந்தவர்கள். தோல் எடுத்த அன்று தம்புசாமி, ஆடும் இடக்கையை வலக்கையால் அமுக்கிக்கொண்டு, "மிசி" என்றார். மருத்துவமனையில் வெள்ளைச் சட்டை அணிந்த பெண்கள் எல்லாரும் அவருக்கு மிசிதான்.

"தோலு எவ்வளவு வேணாலும் எடுத்துக்குங்க. எனக்கு ஒரே ஒரு பதில் வேணும்."

"என்ன அங்கிள்?"

"எனக்கு இது மருந்து அடிச்சதால வந்துச்சா, இல்ல வேற எதனாலயா? என் மகன் சுகுமாறன் கொந்திராக்டர்கிட்ட அதே வேலைதான் பார்க்கிறான். ஹைவே ஓரம் பூரா மருந்து அடிக்கிறான். விடுடான்னா, 'ப்ரூப் இருக்காப்பா?'ங்கிறான். அந்த ப்ரூப்புதான் எனக்கு வேணும்."

"ஆராய்ச்சி முடிய நாளாகும்."

"ஆகட்டும். நான் எங்க ஓடப்போறேன்?"

தாமரையம்மாள் கணவரைக் கடிந்தார். "மிசிகிட்ட வம்படிக்காதீங்க. வாயாடினா நர்ஸம்மாங்க ஊசியைப் பெருசா எடுப்பாங்க."

கௌசலா சிரித்தாள். பதில் கிடைக்கும் என்றும் சொன்னாள். அப்படிச் சொல்ல அவளுக்கு அதிகாரம் இல்லை. நம்பிக்கை மட்டுமே இருந்தது.

தோல் உயிரணு மூளை உயிரணுவாவதற்கு ஓராண்டு சென்றது. வளர்ந்தபின் முதல் சோதனை. தம்புசாமியின் உயிரணுக்களில் மிகச் சிறிதளவு பாராகுவாட் சொட்டினார்கள். உயிரணுவுக்குள் ஆற்றல் சமைக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் சாயமேற்றினால் செந்நிறமாக ஒளிரும், நலிந்தால் மங்கும். தம்புசாமியினுடையவை மங்கின. எதிர்பார்த்ததுதான். தாமரையம்மாளின் தட்டை நுண்ணோக்கியின் கீழ் வைத்தபோது அவையும் அவ்வாறே மங்கியிருக்கக் கண்டாள். தட்டும் நஞ்சும் சரிதானா என்று அறிய, வெளிநாட்டிலிருந்து வாங்கிய ஓர் இளைஞனின் உயிரணுக்களையும் கூடவே வைத்திருந்தார்கள். அவை மட்டும் ஒளிர்ந்துகொண்டிருந்தன.

மீண்டும் செய்தாள். அதே விளைவு. இல்யாஸ் இரண்டு தட்டுகளின் உயிரணுக்களையும் அடையாளச் சோதனைக்கு அனுப்பினார். இருவரும் வேறு வேறு ஆட்களே என்று முடிவு வந்தது. ஆனால் அந்நியர் இருவருக்கிடையே இருக்கத் தகாத அளவுக்குப் பொதுவான அடையாளங்கள் காணப்படுவதாகவும், கலப்பு நேர்ந்திருக்கக்கூடும் என்றும் ஒரு குறிப்பு இருந்தது.

"கலந்துடுச்சு கௌசலா" என்றார் இல்யாஸ். "புருஷன் செல்லு கொஞ்சம் பொண்டாட்டி தட்டுல விழுந்திருக்கு. கோவிச்சுக்காதீங்க. ஒரு தடவை பைப்பெட் டிப் மாத்தாம விட்டிருப்பீங்க. மனுஷங்கதானே."

"நான் டிப் மாத்தாம விட்டு நீங்க எப்பவாவது பார்த்திருக்கீங்களா டாக்டர்?"

"பார்த்ததில்ல. அதுக்காக நடக்கவே இல்லன்னு சொல்ல முடியுமா? ரிப்போர்ட்டே சொல்லுது லா."

தன் கையைத் தானே ஐயுறுவதினும் கொடிய தண்டனை அத்தொழிலில் வேறில்லை. பைப்பெட்டை எடுக்கும் ஒவ்வொரு முறையும், முன்னொரு நாள் இதே கை என்ன செய்தது என்று மனம் பின்னோக்கி ஓடியது. தம்புசாமியின் தட்டுகளுக்கு ஒரு நாளும் தாமரையம்மாளின் தட்டுகளுக்கு மறுநாளும் என ஒதுக்கினாள். ஊட்டநீர்ப் புட்டிகளை வேறாக்கினாள். இரண்டையும் தனித்தனி இன்குபேட்டர்களில் வைத்தாள். ஒருநாள் விட்டு ஒருநாள் என்றிருந்த வேலை நாள்தோறும் என்றாயிற்று. கோயிலுக்குப் போவதும் நின்றது. உறைநிலையில் இருந்த பழைய கையிருப்பிலிருந்து மீண்டும் முதலிலிருந்து வளர்த்து, பல மாதம் காத்து, மறுபடி நஞ்சைச் சொட்டினாள்.

இருவருடையவையும் மங்கின. முன்னிலும் தெளிவாக.

இல்யாஸ் திரையை அணைத்தார். "பழைய ஸ்டாக்லயே கலப்பு இருக்கு. அந்தம்மாகிட்டப் போய்ப் புதுசா ஒரு துண்டு தோல் கேளுங்க. முதல்ல இருந்து வருவோம். அதுவும் சரிவரலன்னா இந்த ஜோடியைத் தூக்கிடுறேன். வேற வழியில்ல."

இணையரை நீக்கினால் தம்புசாமியின் வினாவுக்கு விடையும் அதோடு நீங்கிவிடும். அவளுக்கு உறைத்தது அதுதான். அந்தச் சனிக்கிழமையே கிள்ளானுக்கு ரயிலேறினாள்.

தம்புசாமி முன்னறையில் நெகிழி நாற்காலியில் அமர்ந்திருந்தார். இரண்டாண்டில் முகம் இறுகிவிட்டது, புன்னகை கண்களோடு நின்றுவிடும், குரலும் தாழ்ந்துபோயிருந்தது. மருமகள் வாணி தேநீர்க் கோப்பையை அவர் கையில் கொடுத்தாள். கோப்பை ஆடியது.

"நம்ம வீட்ல தே தாரிக் ஆத்தத் தனியா ஆள் வேணாம் மிசி. என் கையில குடுத்தா தானா ஆறிடும்."

"அதுல பாதி சட்டையில ஆறுது, மாமா" என்றாள் வாணி.

கௌசலா தயங்கித் தயங்கித் தான் வந்த காரியத்தைச் சொன்னாள். தாமரையம்மாள் சற்றும் யோசிக்கவில்லை. "எடுத்துக்குங்கம்மா. கோழித் தோலு மாதிரி இந்தக் கிழவி உடம்புல தொங்குறதுக்கா பஞ்சம்?"

நன்றி சொல்ல நிமிர்ந்தபோது சுவரில் மாலையிட்ட படம் ஒன்று கௌசலாவின் கண்ணில் பட்டது. அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். தம்புசாமியின் அகன்ற நெற்றியும் தாமரையம்மாளின் கூரிய முகவாயும் அம்முகத்தில் ஒருங்கே இருந்தன.

"இது யாரு?" என்று கேட்டாள்.

"எங்க அம்மா" என்றார் தாமரையம்மாள்.

"எங்க அக்கா" என்றார் தம்புசாமி.

இருவரும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் சொன்னார்கள். அதில் வியக்க ஒன்றுமில்லை என்பது போல் தம்புசாமி தொடர்ந்தார். "அக்கா மகளைத்தான் கட்டினேன். சொத்து வெளியில போயிடும்னு இல்ல. பொண்ணு கண்ணு முன்னால வளர்ந்துச்சு. அக்கா கையைப் பிடிச்சுக் குடுத்துச்சு."

"கையைப் பிடிச்சா? கட்டாயப்படுத்தித்தான் குடுத்தாங்க. எனக்குப் பயாஸ்கோப்பு ஆபரேட்டர் ஒருத்தர் மேல கண்ணு" என்றார் தாமரையம்மாள்.

"அவன் இப்ப எங்க இருக்கான்?"

"உங்களை மாதிரி ஆடிக்கிட்டா இருப்பாரு?"

கௌசலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. தமிழர் பலரிடையே தாய்மாமன் அக்காள் மகளை மணப்பது தொன்றுதொட்ட வழக்கம். இந்நாட்டின் திருமணச் சட்டமே இந்துக்களுக்கு அதை விலக்காக அனுமதித்திருக்கிறது. இம்மணத்தில் மனைவி வேறு குருதி அன்று; கணவனுக்குள் இருக்கும் மரபின் நாலிலொரு பங்கு அவளுக்குள்ளும் இருக்கக்கூடும். தட்டுகளில் கலப்பு நேரவில்லை. கலப்பு பல பத்தாண்டுகளுக்கு முன் காப்பாரில், மேளம் கொட்டி, ஊரார் அட்சதை தூவ நிகழ்ந்தது.

"அம்மா எப்படி இறந்தாங்க ஆன்டி?"

"கடைசியில கையெல்லாம் ஆடுச்சு. வயசானா ஆடும்னு விட்டுட்டோம். அதுவும் மருந்து அடிச்ச கைதானே."

அப்போது அடுக்களையிலிருந்து கருகல் நாற்றம் கூடம் வரை எட்டியது. வாணி ஓடினாள். "அத்தை, கருவாடு கருகுது! நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க?"

"எனக்கு வாசம் தெரிஞ்சு எவ்வளவோ நாளாச்சு. கொரோனா வந்ததிலேயிருந்து மூக்கு செத்துப்போச்சு" என்றார் தாமரையம்மாள் இயல்பாக.

கொரோனாவாகவும் இருக்கலாம். இந்நோய் கையை ஆட்டுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே மோப்பத்தைப் பறித்துக்கொள்வதும் உண்டு. எது என்று அவ்வீட்டில் நின்று சொல்ல எவராலும் ஆகாது. அந்தத் தோல் இனி எதற்கும் பயன்படாது என்று தெரிந்தும், இப்போதைக்கு வேண்டாம், டாக்டரிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கௌசலா எழுந்தாள்.

திங்கட்கிழமை இல்யாஸிடம் சொன்னபோது அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அக்கா மகளையா? எங்கள்ல மாமி மகளைக் கட்டுவாங்க. அக்கா மக ஹராம், நினைச்சுக்கூடப் பார்க்க மாட்டாங்க."

"எங்க யாழ்ப்பாணத்து ஆளுங்கள்லயும் மாமா மகளை, மச்சாளைக் கட்டுவாங்க. அக்கா மகளைக் கட்டுற வழக்கம் இல்ல. ஆனா டாக்டர், கிள்ளான்ல நாலு வீடு ஏறினா ஒரு வீட்ல இருக்குமே. அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

"தெரியும். ஆனா ஏன் கேக்கல?"

இருவரும் தமிழர். பிறர் செய்திருந்தால் அறியாமை என்று விட்டுவிடலாம். இவர்களோ உறவுமுறை கேட்காமல் ஒருவரோடு தேநீர்கூட அருந்தாத மக்களிடையே பிறந்து வளர்ந்தவர்கள். வெள்ளைச் சட்டையை மாட்டியதும் உலகத்தார் கேளாததைத் தாமும் கேளாது விட்டார்கள். தங்கள் வீடுகளில் இல்லாத வழக்கம் எங்குமே இல்லை என்பதுபோல் அந்த அறைக்குள் நடந்துகொண்டார்கள்.

"உங்க கை சரிதான். ஸாரி" என்றார் இல்யாஸ்.

அந்தச் சொல்லுக்காக எத்தனையோ மாதம் ஏங்கியிருந்தாள். வந்தபோது அது எதற்கும் ஆகாததாய் இருந்தது. "அப்ப ரிசல்ட்டு?"

"ரிசல்ட்டே இல்ல. சொந்தக்காரங்களை வச்சு ஒப்பிட முடியாது. இந்த ஜோடி போச்சு. வேற ஆள் தேடி, தோல் எடுத்து, வளர்த்து, இன்னும் ரெண்டு வருஷம்."

"அந்த அம்மா செல்லும் மங்குது டாக்டர். அவங்க அம்மாவுக்கும் கையாட்டம். மகனுக்கு அந்தப் பலவீனம் ரெண்டு பக்கத்துல இருந்தும் வந்திருக்கலாம். அவன் தினம் மருந்து அடிக்கிறான்."

"தெரியும். ஆனா அது தெரிஞ்சதா இன்னும் ஆகல. ஒரு குடும்பம், ரெண்டு தட்டு. இதை வெளியில சொன்னா அது அறிவியல் இல்ல, ஆரூடம். தனி ஆளுக்கு ரிசல்ட் சொல்ல மாட்டோம்னு கையெழுத்துப் போட்டுத்தான் தோலே வாங்கினோம். நாளைக்கு நாம சொன்னது தப்புன்னு ஆனா? அவன் வேலையை விட்டு உட்கார்ந்திருந்தா?"

"தப்பில்லன்னு ஆனா?"

தீயவர் அல்லர் இல்யாஸ். அவர் சொன்னதில் ஒரு சொல்லையும் அவளால் மறுக்க முடியவில்லை. சரியான சொற்களே அவளைச் சுற்றி மதில்போல் எழுந்து நின்றன. இணையர் நீக்கப்பட்டதை அவர்களுக்கு அறிவிப்பது ஆய்வகத்தின் கடமை என்று மட்டும் சொன்னார். அதற்கு அவளையே அனுப்பினார்.

இம்முறை அவள் கிள்ளானுக்குச் சென்றது ஒரு ஞாயிறு நண்பகல். சுகுமாறன் வீட்டிலிருந்தான். பிற்பகல் வேலைக்குக் கிளம்ப ஆயத்தமாகி, ரப்பர் காலணியைத் துடைத்துக்கொண்டிருந்தான். கௌசலா சொல்ல வேண்டியதைச் சொன்னாள்: நீங்கள் இருவரும் குருதி உறவு, ஆகவே ஒப்பீடு செல்லாது, உங்கள் உயிரணுக்கள் இந்த ஆய்வில் இனி இடம்பெறா.

தம்புசாமி நாற்காலியில் முன்னே சாய்ந்தார். "அப்ப என் பதிலு?"

"இல்ல அங்கிள்."

"ரெண்டு வருஷம் வளர்த்தீங்களே. அது ஒண்ணுமே சொல்லலையா?"

"சொல்லக்கூடிய மாதிரி எதுவும் சொல்லல."

"வேற ரத்தம்தானே வேணும்?" வாணி முன்வந்தாள். "என்னை எடுத்துக்குங்க அக்கா. எனக்கும் இவங்களுக்கும் சொந்தமே கிடையாது. எங்க வீடு காஜாங். கல்யாணத்துக்கு முன்னால யாரையும் தெரியாது."

"மாமாவோட வயசுக்கு ஒட்டின வயசா இருக்கணும் வாணி. நீங்க சின்னப் பொண்ணு. தோட்டத்துல வேலையும் செஞ்சதில்ல."

"எனக்கு வயசாகறவரைக்கும் இவர் மருந்து அடிச்சுக்கிட்டே இருக்கணுமா?"

சுகுமாறன் காலணியைக் கீழே வைத்தான். "அக்கா, நான் ஒண்ணு கேக்கிறேன். அப்பா அடிச்ச மருந்தைத்தான் தடை பண்ணிட்டாங்க. நான் அடிக்கிறது வேற." தன் கைப்பேசியில் ஒரு நீல நெகிழிக் கலனின் படத்தைக் காட்டினான். "இது அந்த மாதிரி செய்யுமா செய்யாதா? அதை மட்டும் சொல்லுங்க. சூப்பர்வைசர்கிட்டப் போய் மெஷின்ல புல் வெட்டுறதுக்கு மாத்திவிடுங்கன்னு கேக்கிறேன். சும்மா கேட்டா, ஆள் கொஞ்சமா இருக்கு, நீயும் இப்படிச் செஞ்சா எப்படிம்பாரு."

கௌசலா முகப்புச்சீட்டின் சிறிய எழுத்துகளைப் பெரிதாக்கிப் படித்தாள். அந்த வேதிப்பொருளின் பெயர் அவளுக்குத் தெரியும். அதைப் பற்றி எழுதப்பட்டவற்றில் சில இப்படியும் சில அப்படியும் கூறுவதும் தெரியும். அந்த வீட்டாரின் உயிரணுக்கள் மீது எவரும் அதைச் சொட்டிப் பார்த்ததில்லை.

"தெரியாது தம்பி" என்றாள். "யாருக்குமே இன்னும் சரியாத் தெரியாது."

"அப்புறம் என்னத்துக்கு அக்கா நீங்கள்லாம்?"

அவன் ஏசவில்லை, உண்மையிலேயே அறிய விரும்பியே கேட்டான். அதனால் அது மேலும் சுட்டது.

வாணி கௌசலாவின் முன் வந்து நின்றாள். "ஆராய்ச்சியை விடுங்க. நீங்க எங்க வீட்டுப் பொண்ணா இருந்தா, இவர் உங்க புருஷனா இருந்தா, வேலைக்கு அனுப்புவீங்களா?"

ஆய்வு விதிகள் அனைத்தும் கௌசலாவின் நினைவில் வரிசையாக எழுந்தன. இக்கேள்விக்கு மட்டும் அவற்றில் எதுவும் விடை வைத்திருக்கவில்லை.

"அனுப்ப மாட்டேன்."

சுகுமாறன் வாய்விட்டுச் சிரித்தான். "ரெண்டு வருஷம் ஆராய்ச்சி பண்ணி இதுதானா? இதை என் பொண்டாட்டி தினமும் ஓசியில சொல்றா. இதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீங்களா?"

"முடியாது."

"அவ்வளவுதான் லா. நேரமாச்சு."

அவன் காலணியைக் கையிலெடுத்துக்கொண்டான். தம்புசாமி நாற்காலியின் கைப்பிடிகளை ஊன்றி எழுந்தார். குறுகிய அடிகளாக எடுத்து வைத்து, மகனுக்கு முன்னதாகவே வாயிலை அடைந்தார். நிலைக்கால்களுக்கு நடுவே வந்ததும் அவர் பாதங்கள் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிட்டன. இந்நோய்க்காரர்களுக்கு ஒடுங்கிய வழிகளில் இவ்வாறு நேர்வதுண்டு. மனம் ஏவும், கால் அசையாது.

"நகருப்பா."

"நகர முடியலடா." குரல் மிகத் தாழ்ந்து வந்தது.

"அப்பா, விளையாடாதீங்க. வேன் கீழ வந்திருக்கும்."

"நான் எங்கடா விளையாடுறேன்?"

அத்தகைய நேரத்தில் அவர் பாதங்களுக்கு முன்னே ஒருவர் தம் பாதத்தைக் குறுக்காக வைத்தால் போதும். அதைத் தாண்டுவதற்காகக் கால் எழும், உடம்பு விடுபட்டுவிடும். கௌசலாவுக்கு அது தெரியும். தாமரையம்மாள் அதை ஒரு நாளைக்குப் பலமுறை செய்பவர். இருவரும் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. வாணியும் சுவரோரம் நின்றுகொண்டாள்.

சுகுமாறன் தன் தாயைப் பார்த்தான். "அம்மா, கால வைம்மா."

"எனக்கு முட்டி வலிக்குது" என்றார் தாமரையம்மாள்.

கீழே வேனின் ஒலிப்பான் இரண்டு முறை ஒலித்தது. தந்தையின் முதுகுக்குப் பின்னால் சுகுமாறன் காலணியும் கையுமாக நின்றான். அவர் பாதங்களுக்கு முன்னே வைக்க ஒரு காலை நீட்டினான். பிறகு அதைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். ஒலிப்பான் மறுபடி ஒலித்தது. அவன் கைப்பேசியில் சூப்பர்வைசரை அழைத்தான்.

"போஸ், நீங்க போங்க. இன்னைக்கு நான் வரல. இல்ல போஸ், காய்ச்சல் இல்ல. எங்கப்பா வாசல்ல நிக்கிறாரு." மறுமுனையில் கூச்சல் கேட்டது. "ஆமா போஸ், வாசல்லதான். சும்மாதான் நிக்கிறாரு."

கைப்பேசியை அணைத்துவிட்டு அவன் எல்லாரையும் ஒருமுறை பார்த்தான். "இன்னைக்கு மட்டும்தான். சொல்லிட்டேன்."

வேன் புறப்படும் ஓசை கேட்டது. தாமரையம்மாள் எழுந்து சென்று, கணவரின் பாதங்களுக்கு முன்னே தம் பாதத்தைக் குறுக்காக வைத்தார்.